காலிலிருந்து சக்கரம் வரை

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை, மலருக்காகச் சற்றே சுருக்கி எழுதப்பட்டது)



"இன்ஜினியர் ஆயிட்டியே, தொழில் சம்பந்தமா ஏதாவது பேசு" என்று சங்கத்தில் சொன்னார்கள். நான் இங்கே இயற்பியல் படித்துவிட்டு, பிறகு நேரடியாக இரண்டாம் ஆண்டில் பி.இ. சேர்ந்து மெக்கானிக்கல் முடித்தவன். இப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வண்டி உதிரி பாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை. ரோபோ, கம்ப்யூட்டர் என்று பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். எங்கள் வீட்டு அம்பாசிடர் காருக்கு முன் சக்கர பிரேக் மாற்றிய கதையைத்தான் சொல்லப் போகிறேன். ஏனென்றால் நான் படித்த படிப்பு எவ்வளவு, படிக்காமல் விட்டது எவ்வளவு என்று அந்த ஒரு வேலையில்தான் எனக்குத் தெரிந்தது.

எங்களுடையது தறிக்காரர் வீடு. ஆரணிப் பட்டு. அப்பா தறியை விட்டு எழுந்து, நாலு பேர் நெய்ததை வாங்கிக் காஞ்சிபுரம் கடைகளுக்குக் கொண்டு போக ஆரம்பித்த பிறகு வாங்கிய வண்டி அது. மார்க் 4, 1986 மாடல், பெட்ரோல். இரண்டாம் கையாக வாங்கியது. வெள்ளைத் துணியில் சுற்றிய புடவைக் கட்டுகள் டிக்கியில், நாங்கள் பின் சீட்டில். அக்காவின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பும் அந்த வண்டிதான். அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதத்தோடு நின்று போனது. நின்ற அன்று அப்பா, "இனிமே இத விக்கவே கூடாதுடா" என்றார்.

2022ஆம் வருடம் ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜவ்வாது மலைக்குப் போனோம். அப்பா, அம்மா, நான், என் மனைவி, அக்கா. ஜமுனாமரத்தூரில் சாப்பிட்டோம், பீமன் அருவியைப் பார்த்தோம், சாயங்காலம் போளூர் பக்கமாக இறங்க ஆரம்பித்தோம். அப்பாதான் ஓட்டினார். அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. உங்களில் பலருடைய அப்பாவுக்கும் இருந்திருக்கும். இறக்கம் வந்தால் நியூட்ரலில் போட்டு விடுவார். பெட்ரோல் மிச்சமாம்.

பாதி மலை இறங்குவதற்குள் கருகல் வாசனை வந்தது. "எங்கயோ சருகு கொளுத்துறாங்க" என்றார் அப்பா. அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தார். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. மறுபடி மிதித்தார். தரை வரை போனது. வண்டி நிற்கவில்லை. அப்பா ஒரு வார்த்தை பேசாமல் கிளட்ச்சை மிதித்து, இரண்டாம் கியரில் இடித்துப் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இடது பக்கச் சக்கரங்களை மலையோரத்து மண் குவியலில் ஏற்றினார். நின்றது. வலது பக்கம் என்ன இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அரை மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால் பெடல் ஒன்றுமே நடக்காதது போல நல்லபடியாக இருந்தது! முதல் கியரிலேயே ஊர்ந்து கீழே வந்தோம். அம்மா வீடு வரும்வரை வாயைத் திறக்கவில்லை. வாசலில் இறங்கியதும், "இனிமே நான் இந்த வண்டில ஏற மாட்டேன்" என்று மட்டும் சொன்னார். சொன்னபடியே ஏறவில்லை. கோயிலுக்கும் ஆட்டோ, கல்யாணத்துக்கும் பஸ். வீட்டில் இரண்டு பேரும் பேசிக் கொள்வது குறைந்து போனது. வண்டியை விற்பதா, சரி செய்வதா என்ற கேள்வி என்னிடம் வந்தது.

அன்று மலையில் என்ன நடந்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் முதலாம் ஆண்டுப் பாடம்தான். ஆட்களோடு வண்டி 1,500 கிலோ என்று வைத்துக் கொள்ளுங்கள். 60 கி.மீ. வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் சுமார் 208 கிலோ ஜூல். பிரேக் பிடித்தால் இது அத்தனையும் சூடாக மாற வேண்டும். ஏறக்குறைய முக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு. 80 கி.மீ. என்றால் ஒன்றே கால் லிட்டர். இது ஒரு தடவை நிறுத்துவதற்கு. அதே வண்டி 500 மீட்டர் உயரம் இறங்கினால் 7,350 கிலோ ஜூல். அதாவது 60 கி.மீ. வேகத்திலிருந்து 35 தடவை அடுத்தடுத்து நிறுத்துவதற்குச் சமம். காற்றும் டயரும் இதில் கொஞ்சம் வாங்கிக் கொள்ளும். கியரில் இறங்கினால் இன்ஜின் பெரும்பங்கை வாங்கிக் கொள்ளும். நியூட்ரலில் இறங்கினால் மிச்சம் எல்லாம் அந்த நாலு டிரம்முக்குள்தான் போக வேண்டும். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் சாய்வதால், அதிலும் மூன்றில் இரண்டு பங்கு முன் சக்கரங்களுக்கு.

ஆகவே குற்றம் பாதி பிரேக்குடையது, பாதி அப்பாவுடையது. இதை அப்பாவிடம் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

டிரம் பிரேக் என்பது ஒரு மூடிய பாத்திரம். உள்ளே இருக்கும் ஷூ வெளிப்பக்கமாக விரிந்து டிரம்மைத் தொடும். டிரம் சூடானால் விரியும், ஷூவை விட்டு விலகிப் போகும். பெடல் ஆழமாகப் போகும். லைனிங் கண்ணாடி மாதிரி வழவழப்பாகிப் பிடிப்பை இழக்கும். மூன்றாவதாக, பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் குணம் உள்ளது. டாட் 3 என்று டப்பாவில் போட்டிருக்கிறதே, அது புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரையாவது கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரிதான் உத்தரவாதம். கொதித்தால் ஆவி. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். பெடல் பஞ்சானது அதனால்தான். எங்கள் வண்டியில் அந்த ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினோம் என்று யாருக்குமே ஞாபகம் இல்லை.

டிஸ்க் பிரேக் திறந்த வெளியில் சுற்றும் ஒரு தட்டு. சூடானால் காற்று வாங்கும். தட்டு விரிந்தாலும் பேடை நோக்கித்தான் தடிக்கும், விலகிப் போகாது. இது ஒன்றும் புது விஷயமில்லை. லாஞ்செஸ்டர் என்ற ஆங்கிலேயர் 1902லேயே காப்புரிமை வாங்கியது. 1953ல் பிரான்சில் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜாகுவார் கார் டிஸ்க் பிரேக்குடன் ஜெயித்தது. அந்தப் பந்தயத்தில் சராசரி வேகம் மணிக்கு 100 மைலைத் தாண்டிய முதல் வெற்றி அது. வேகத்தைக் கூட்டியது இன்ஜின் மட்டுமல்ல, கடைசி நிமிடம் வரை பிரேக்கை நம்ப முடிந்ததும்தான். இன்று இந்தக் கல்லூரிக்கு மாணவன் ஓட்டி வரும் பைக்கிலேயே முன்னால் டிஸ்க் இருக்கிறது. அம்பாசிடரிலும் பிற்காலத்து வண்டிகளில் முன் டிஸ்க் வந்தது. அதுதான் எனக்குக் கிடைத்த வழி. வேறு கம்பெனி வண்டியின் பாகத்தை இதில் ஒட்ட வைக்காமல், தம்பி வண்டியின் பாகத்தை அண்ணன் வண்டிக்குப் போடுவது.

இதற்கு இன்னொரு சுலபமான வழியைச் சிலர் சொன்னார்கள். பழைய சின்னக் கார் ஒன்றின் காலிப்பரை வாங்கி, லேத்துப் பட்டறையில் ஒரு தகடு வெட்டி, துளை போட்டு மாட்டிவிடலாம், செலவு பாதிதான் என்று. நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ஓரளவு அழுத்தமாகப் பிரேக் பிடித்தாலே ஒரு முன் சக்கரத்தின் காலிப்பர் மேல் 800 கிலோவுக்கு மேல் இழுவை வருகிறது. அதை இரண்டு போல்ட்டும் அந்தத் தகடும் தாங்க வேண்டும். ஒரு தடவை இல்லை, லட்சம் தடவை. கேஸ் வைத்து வெட்டிய தகட்டில் எங்கே விரிசல் விழும் என்று யார் பார்த்தது? வேண்டாம் என்று விட்டேன்.

சென்னைக்குப் போய்ப் புதுப்பேட்டையில் இரண்டு சனிக்கிழமை சுற்றினேன். எங்கள் மெக்கானிக் பாய் போனிலேயே பாடம் நடத்தினார். "தம்பி, ரெண்டு பக்கமும் ஒரே வண்டில கழட்டினதான்னு பாரு. ஒண்ணு அங்க ஒண்ணு இங்கன்னு வாங்காத. ஒரு பக்கம் இழுக்கும்." கடைசியில் உடைப்புக்கு வந்த ஒரு பிற்கால அம்பாசிடரிலிருந்து ஸ்டப் ஆக்ஸில், ஹப், காலிப்பர், பூஸ்டர், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் ஒரே செட்டாகக் கிடைத்தது. டிஸ்க் தட்டு தேய்ந்திருந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கினேன். பேடு, ரப்பர் ஹோஸ், காலிப்பர் சீல், பேரிங் எல்லாம் புதிது. பழைய பாகத்தில் இரும்பை வாங்கலாம், ரப்பரை வாங்கக் கூடாது என்பது பாயின் சட்டம். எனக்கும் அது சரி என்றே படுகிறது. (பிரேக் விஷயத்தில் நம் பக்கத்துக்கே ஒரு பெருமை உண்டு. 1962ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் சென்னை பாடியில் இருக்கிறது, அதன் வார்ப்பாலை சோளிங்கரில். நாம் பட்டுக்குப் பெயர் வாங்கினோம், பக்கத்து ஊர்க்காரர்கள் நாட்டுக்கே பிரேக் வார்க்கிறார்கள்.)

ஸ்டப் ஆக்ஸில் இரண்டையும் தொழிற்சாலையில் அனுமதி வாங்கிச் சாயம் போட்டுச் சோதித்தேன். சிவப்புச் சாயத்தைத் தடவித் துடைத்துவிட்டு வெள்ளைப் பவுடர் அடித்தால், விரிசல் இருக்கும் இடத்தில் சாயம் கசிந்து கோடு தெரியும். இடது பக்கத்தில் வேர்ப் பகுதியைச் சுற்றி மயிரிழைக் கோடு ஒன்று தெரிந்தது. கண்ணால் பார்த்தால் புத்தம் புதிது மாதிரி பளபளவென்று இருந்த பாகம்! அதை மாட்டியிருந்தால் என்றாவது ஒருநாள் சக்கரமே தனியாகப் போயிருக்கும். வேறொன்று தேட மூன்று மாதம் ஆயிற்று. அம்மா பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார்.

பழைய டிரம்மைக் கழற்றும்போது ஒரு விஷயம். பட்டறையில் காற்றுக் குழாயைப் பிடித்து டிரம்முக்குள் உஸ்ஸென்று ஊதுவது வழக்கம். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அந்தத் தூள் நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது. ஈரத் துணியால் துடைக்கச் சொன்னேன். பாய் சிரித்தார். "முப்பது வருஷமா ஊதறேன் தம்பி" என்றார். ஆனால் அன்றைக்கு ஊதவில்லை.

இப்போது என் தவறுக்கு வருகிறேன். டிஸ்க், காலிப்பர் எல்லாம் மாட்டியாயிற்று. பூஸ்டரையும் புதிய மாஸ்டர் சிலிண்டரையும் மாட்ட வேண்டுமென்றால் பெடல் பகுதியையே பிரிக்க வேண்டும். பெரிய வேலை. "பழைய மாஸ்டர் சிலிண்டர் நல்லாத்தானே இருக்கு, இப்போதைக்கு இதுலயே ஓட்டிப் பாத்துரலாம் பாய்" என்றேன். "ஓடும் தம்பி" என்றார் அவரும். ஏர் எடுத்து, ஆயில் ஊற்றி, ஊர் எல்லை வரை நாலு கிலோமீட்டர் போய் வந்தேன். பெடல் கல் மாதிரி இருந்தது. பரவாயில்லை, பூஸ்டர் இல்லையே என்று நினைத்தேன். திரும்பி வந்து இறங்கினால் அதே வாசனை. மலையில் வந்த அதே கருகல் வாசனை. முன் சக்கரம் இரண்டும் தொட முடியாத சூடு. ஜாக்கி வைத்துத் தூக்கினோம். கையால் சுற்றினால் சக்கரம் சுற்றவில்லை. யாரும் பெடலில் கால் வைக்கவில்லை, ஆனால் பிரேக் பிடித்தபடியே இருக்கிறது.

பாய்தான் காலிப்பரின் பிளீடிங் நிப்பிளை லேசாகத் தளர்த்தினார். சுர்ரென்று ஒரு பீய்ச்சல். சக்கரம் காற்றாடி மாதிரி சுற்றியது. அந்த ஒரு பீய்ச்சலில் எனக்கு எல்லாம் விளங்கியது. குழாய்க்குள் அழுத்தம் தங்கியிருக்கிறது.

டிரம் பிரேக்குக்கென்று செய்த மாஸ்டர் சிலிண்டரில் ஒரு சின்ன வால்வு இருக்கும். பெடலை விட்ட பிறகும் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தை அது பிடித்து வைத்திருக்கும். ஒரு சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 0.7 கிலோ. வீல் சிலிண்டரின் ரப்பர் கப் தளர்ந்து காற்று உள்ளே போகாமலிருக்க இது வேண்டும். டிரம்மில் தடித்த ஸ்பிரிங்குகள் ஷூவை இழுத்துப் பிடித்திருப்பதால் இந்த அழுத்தத்தால் தொந்தரவில்லை. டிஸ்க்கில் அந்த ஸ்பிரிங்கே கிடையாது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் சீல் லேசாக முறுக்கிக் கொண்டு திரும்புமே, அந்த மயிரிழைதான் பேடைப் பின்வாங்கச் செய்கிறது. பிஸ்டன் பரப்பு 20 சதுர செ.மீ. என்றால் 0.7 கிலோ அழுத்தம் 14 கிலோ எடையாகப் பேடை எந்நேரமும் தள்ளிக்கொண்டிருக்கும். டிரம்முக்கு மருந்தாக இருந்தது டிஸ்க்குக்கு விஷம்.

இதை நான் படிக்கவில்லையா? படித்திருக்கிறேன். பரீட்சையில் இரண்டு மதிப்பெண் கேள்வி. எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். வேலை செய்யும்போது ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

அன்று இரவு அப்பாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "தறியில அச்சை மாத்தினா பாவோட இழைக் கணக்கும் மாறணும்டா. பழைய பாவை வச்சிக்கிட்டுப் புது அச்சு போட்டா எப்படி நெய்வ?" என்றார். தறியை விட்டு எழுந்து முப்பது வருடம் ஆன மனிதர்.

அப்புறம் எதையும் பாக்கி வைக்கவில்லை. பெடல் பகுதி, பூஸ்டர், இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர் மூன்றையும் மாட்டினோம். அது தனிக் கதை. மூன்று ஞாயிறு போயிற்று. இரட்டை அறை என்றால் முன் சக்கரத்துக்கு ஒரு வழி, பின் சக்கரத்துக்கு ஒரு வழி. ஒன்றில் ஆயில் ஒழுகினாலும் மற்றது பிடிக்கும். டிஸ்க்கைவிட இதுதான் பெரிய பாதுகாப்பு என்று இப்போது நினைக்கிறேன். பூஸ்டர் ஏன் என்றால், டிரம்மில் சக்கரம் சுற்றும் வேகமே ஷூவை உள்ளே இழுத்துக் கொண்டு உதவி செய்யும். டிஸ்க்கில் அந்த உதவி இல்லை, மொத்தமும் காலிலிருந்து வர வேண்டும். பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் பெட்ரோல் இன்ஜினின் உறிஞ்சு குழாயிலிருந்தே கிடைக்கும். டீசல் அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: உங்களுக்கு வெற்றிட பம்ப் தனியாக வேண்டும். சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, இன்ஜினை நிறுத்திப் பெடலை நாலைந்து தடவை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. இறக்கத்தில் இன்ஜினையே அணைத்துவிட்டு உருட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்ஜின் நின்றால் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான். அதன் பிறகு பெடல் கல். பழைய டிரம் வண்டியில் பிழைத்துப் போன பழக்கம் புது பிரேக்கில் ஆளைக் கொல்லும்.

சட்டமும் கொஞ்சம் பார்த்தேன். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு; 2019ல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. செய்வதற்கு முன்பே போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக் கொண்டேன். இன்சூரன்சுக்கும் எழுதிக் கொடுத்தேன். பழைய டிரம், ஷூ, மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் எண்ணெய் தடவிச் சாக்கில் கட்டிப் பரண்மேல் இருக்கின்றன. உடலில் எதையும் வெட்டித் தள்ளவில்லை. நாளைக்கே வேண்டுமென்றாலும் பழையபடி மாட்டிவிடலாம்.

ஒரு ஞாயிறு விடியற்காலை ஆள் நடமாட்டமில்லாத சிப்காட் சாலையில் சோதனை. முதலில் 50 கி.மீ. வேகத்திலிருந்து மெல்ல மெல்லப் பத்துப் பன்னிரண்டு தடவை நிறுத்தி, புதுப் பேடு தட்டோடு பழக விட்டோம். பிறகு சுண்ணாம்புக் கோடு போட்டு அழுத்திப் பிடித்தேன். பாய் ரோட்டோரம் நின்று எந்தச் சக்கரம் முதலில் பூட்டுகிறது என்று பார்த்தார். முன் சக்கரம்தான் முதலில் பூட்ட வேண்டும். பின் சக்கரம் முந்திக்கொண்டால் வண்டி பம்பரம் போல் சுற்றிவிடும். அது சரியாக இருந்தது.

ஆனால் எனக்கு ஓர் ஏமாற்றம். முதல் தடவை நிறுத்திய தூரத்தில் சொல்லிக் கொள்ளும்படி வித்தியாசமே இல்லை! எட்டு மாத உழைப்பு. யோசித்தால் அதுவும் நியாயம்தான். நல்ல நிலையில் இருந்த டிரம்மே சக்கரத்தைப் பூட்டுமளவுக்குப் பிடித்தது. சக்கரம் பூட்டிய பிறகு நிறுத்துவது டயரும் ரோடும்தான். டயர் அதே டயர். வித்தியாசம் தெரிந்தது பத்தாவது தடவையில். பெடல் முதல் தடவை எந்த உயரத்தில் பிடித்ததோ, அதே உயரத்தில் பிடித்தது. பாய் ஓடி வந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் மூக்கை வைத்து மோந்து பார்த்தார். "சுடுது, ஆனா கருகல" என்றார்.

மறு வாரம் அப்பாவும் நானும் மட்டும் ஜமுனாமரத்தூர் போனோம். இறங்கும்போது அவரே ஓட்டினார். முதல் இறக்கத்தில் அவருடைய இடது கை பழக்க தோஷத்தில் கியர் தண்டுக்குப் போனது. நான் ஒன்றும் சொல்லவில்லை. கை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இரண்டாம் கியரில் போட்டார். அந்த மண் குவியல் இருந்த வளைவில் வண்டியை ஓரமாக நிறுத்தி, இறங்கி, வலது பக்கப் பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். போளூர் வரும்வரை பெடல் மாறவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அப்பாவிடம் கேட்கவில்லை, என்னிடம்தான் கேட்டார். "நீ போட்டதா, பாய் போட்டதா?" என்றார். பாதி பாதி என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை திருவோத்தூர் கோயிலுக்குக் கிளம்பும்போது ஆட்டோக்காரருக்குப் போன் போகவில்லை. பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக் கொண்டார்.

அம்பாசிடர் வைத்திருக்கும் நண்பர்கள் யாராவது இருந்தால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வாருங்கள், வண்டி வெளியே வேப்ப மரத்தடியில்தான் நிற்கிறது. பாயும் வந்திருக்கிறார்.